என் வசவு ஏறிய மேடு

எடைப் பலகையில் நான் ஏறி நின்றதும் டாக்டரம்மா தமீரா முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள். மறுபடி ஏறினேன். முள் அதே இடத்தில்தான் போய் நின்றது. அதற்கு மேல் போக அதற்கும் இடமில்லை.

"பூட்ஸக் கழட்டினீங்களா, ஜூராகான் பெரியம்மா?"

"கழட்டிட்டேன். தோலையும் கழட்டணும்னா சொல்லு."

தமீரா சிரிக்கவில்லை. எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கு அவள் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. சின்னப் பெண், ஆனால் முகத்தை மட்டும் பெரிய மனுஷி மாதிரி வைத்துக்கொள்வாள். இரத்த அழுத்தம் பார்த்தாள், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். எடை ரொம்ப அதிகம், சர்க்கரை வாசல்படி வரைக்கும் வந்துவிட்டது, இப்படியே போனால் மூட்டு, இதயம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிடும் என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று என் மாமியார் என் புஜத்தைக் கிள்ளிப் பார்த்து, நல்ல சதைப்பிடிப்பு, பனியைத் தாங்குவாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இப்போதும் கல்யாண வீடுகளில் எதிர்ப்படுகிறவர்கள், நன்றாக உடம்பு வைத்திருக்கிறீர்கள் என்று மனசார வாழ்த்திவிட்டுத்தான் போகிறார்கள். அந்த உடம்புதான் வியாதியாம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் அன்றைக்கே தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் எங்கள் மகன் எர்மெக்குக்குப் போன் போட்டுவிட்டார். எர்மெக் என்னைக் கூப்பிட்டு, குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"அம்மா, இந்த வருஷம் ஜைலோ வேணாம். அவ்வளவு உசரத்துல உனக்கு ஏதாவது ஆச்சுன்னா கார்கூட வராது. எங்க வீட்டுல ஒரு ரூம ஒழிச்சு வெக்கிறேன். லிஃப்ட் இருக்கு. ஒரு படி ஏற வேணாம்."

"படி ஏறாம என்னடா பண்ணுவேன்?"

"ரெஸ்ட் எடு."

பனி உருகியதும் ஆடு குதிரைகளை ஓட்டிக்கொண்டு மலைமேல் ஜைலோவுக்குப் போய்க் கம்பளிக் கூடாரம் போட்டால், மறுபடி குளிர் தொடங்கும்போதுதான் நாங்கள் ஊருக்கு இறங்குவோம். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கோடைகூட நான் கீழே இருந்ததில்லை. பிரசவமான வருஷம்கூடக் கைக்குழந்தையோடு போனவள் நான். என் பெண்குதிரைகள் என் கைக்குத்தான் பால் சுரக்கும். வேறு யாராவது மடியில் கை வைத்தால் உதைக்கும். ஒரு குளிர்காலம் எர்மெக் வீட்டில் இருந்து பார்த்தேன். ஜன்னலில் வந்து உட்கார்ந்த புறாவோடு பேசிக்கொண்டிருந்தேன். திரும்ப அங்கே போய்க் கோடையையும் கழிப்பதற்குப் பதில் எங்களூர் இடுகாட்டிலேயே ஒரு மூலை பிடித்துக்கொள்ளலாம். அதை அவனிடம் சொல்லவும் சொன்னேன். அவன் போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான்.

அப்பாவும் மகனும் பேசி முடித்தார்கள். என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு என்னைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

அவர் யாரென்று சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரையும் அவர் அண்ணன் தம்பி பெயரையும் வாயால் சொல்வதில்லை. பந்தயக் குதிரை பழக்குவதில் இந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. புல்வெளியில் மேய்ந்து வயிறு தொங்கிப்போன குதிரையைக் கொண்டுவந்து விட்டால், தீனியைக் குறைத்து, கம்பளி போர்த்தி வியர்க்க வைத்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி, கொழுப்பை உருக்கிக் காற்றாய்ப் பறக்கவிடுவார். ஆள் சவுக்கு மாதிரி ஒல்லி. கல்யாணத்தன்று கட்டிய இடுப்புவார் இன்றும் அதே துளையில் நிற்கிறது. அதை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டுவார்.

"ஜைலோவுக்குக் கெளம்ப இன்னும் நாள் இருக்கு," என்றார். "அதுக்குள்ள உன்னத் தயார் பண்ணிடறேன். கொழுப்பு எறங்கிச்சுன்னா மேல வா. எறங்கலேன்னா பையன் கார்ல ஏறு. சரியா?"

"நான் என்ன குதிரையா?"

"குதிரைன்னா இவ்வளவு பேசாது."

வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சரி என்றேன்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். பாலேட்டுக் கைமாக் கிடையாது, வெண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி கிடையாது, குதிரைக்கறியின் கொழுப்பைச் சீவி நாய்க்குப் போட்டார். அடுப்புப் பக்கத்தில் என்னை உட்காரவைத்துக் குதிரைக் கம்பளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தினார். வியர்வை வழிந்ததும் என் நெற்றியை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஏங்க, அசிங்கம்."

"இன்னும் கரிக்குது. உள்கொழுப்பு அசையவே இல்ல. நல்லா எறங்கிச்சுன்னா வேர்வை தண்ணி மாதிரி சப்புன்னு இருக்கும்."

தலை சுற்றி நான் சாய்ந்த பிறகுதான் கம்பளியை எடுத்தார். குதிரைக்குச் சாய்ந்துவிடும் பழக்கம் இல்லையாம். பிறகு ஒரு கயிற்றால் என் இடுப்பைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டுச் சுவரில் மாட்டினார். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அந்தக் கயிறுதான் கண்ணில் படும். எனக்கு மானம் போயிற்று.

அதற்கப்புறம் நடை. ஊருக்குப் பின்னால் செம்மேடு என்று ஒரு செங்குத்தான குன்று இருக்கிறது. முதல் வளைவில் இடுகாடு, இரண்டாவது வளைவில் தனியாக ஓர் ஆர்ச்சா மரம், உச்சியில் வழிப்போக்கர்கள் போட்டுப்போட்டு உயர்ந்த கற்குவியல். தினம் காலையில் நான் அதில் ஏற வேண்டும். அவர் பக்கத்தில் குதிரைமேல் வருவார். அவர் எங்கே நடந்திருக்கிறார்? பக்கத்து வீட்டுக்கு உப்பு வாங்கப் போனாலும் சேணம் போட்டுத்தான் போவார். குதிரை இருக்கும்போது நடந்து போகிறவனை எங்கள் ஆண்கள் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள்.

நடக்கும்போது எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அவரைத் திட்டுவதுதான்.

"குதிரைமேல உக்காந்துகிட்டுப் பொண்டாட்டிய நடக்க வெக்கிற மனுஷன இப்பத்தான் பாக்கறேன். உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் குதிரைக்குத் தீனியா வெச்சாச்சா?"

"பேச்சக் கொறச்சுக் காலப் போடு."

முதல் நாட்களில் இடுகாட்டை எட்டும் முன்பே என் வசவு தீர்ந்துபோகும். வார்த்தை இல்லாமல் இல்லை, அதைச் சொல்ல மூச்சு இருக்காது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுவேன். அவர் குதிரையை நிறுத்திவிட்டு, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார். பிறகு இடுகாட்டைத் தாண்டியும் என்னால் திட்ட முடிந்தது. செத்தவர்கள் முன்னால் புருஷனைத் திட்டுவது தப்பு என்று அந்த வளைவில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். காட்டுத் துலிப் பூக்கும் சமயத்தில் ஆர்ச்சா மரம்வரை நிறுத்தாமல் திட்டினேன். பிறகு ஒரு நாள், அவர் அம்மா காலத்துக் கணக்கிலிருந்து தொடங்கி, அவர் தம்பி எங்கள் கடாவை விற்றுக் குடித்தது வரைக்கும் சொல்லி முடித்து நிமிர்ந்தால் கற்குவியல் முன்னால் நிற்கிறேன். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் கயிற்றை எடுத்து அளந்தார். முடிச்சு பழைய இடத்திலேயே வந்து நின்றது. ஒரு விரல் நகர்ந்திருந்தால் அதிகம்.

"கள்ளத்தனமா தின்னறியா?"

"நீங்க போடற தீனியில கள்ளத்தனம் பண்ண என்ன இருக்கு?"

அவர் கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குதிரையாக இருந்தால் இந்நேரம் விலா எலும்பை எண்ணலாம் என்றார். அவர் கைக்கு இதுவரை அடங்காத உடம்பு கிடையாது. எனக்கும் குழப்பம்தான். வயிறு அப்படியே இருக்கிறது. ஆனால் படுக்கையிலிருந்து எழுந்தால் கால் லேசாக இருக்கிறது. தண்ணீர்க் குடங்களோடு சரிவில் ஏறினால் மூச்சு வாங்கவில்லை. இளைத்தேனா இல்லையா? உடம்பில் எது குறைந்தது, எது கூடியது? யாரைக் கேட்டால் தெரியும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் குதிரைக்கு லாடம் கழன்றது. நொண்டுகிற குதிரையை மேட்டில் ஏற்ற அவருக்கு மனசு வரவில்லை. அதைக் கட்டிவிட்டு என்னோடு நடந்து வந்தார். வாய்க்கு நல்ல வேட்டை என்று நானும் ஆரம்பித்தேன். இடுகாட்டைத் தாண்டினோம். திட்டிக்கொண்டே போகிறேன், எதிர்ப்பேச்சே இல்லை. வழக்கமாக நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். கோபித்துக்கொண்டாரா? அவர் அம்மாவை ரொம்பவும் இழுத்துவிட்டேனா? கொஞ்சம் தணித்துப் பேசினேன். அப்போதும் பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் ஆளே பக்கத்தில் இல்லை.

கீழே ஆர்ச்சா மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. முகம் சாம்பல். நெஞ்சை ஒரு கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். ஓடினேன்.

"என்னங்க? என்ன பண்ணுது?"

வெகு நேரம் கழித்துத்தான் அவருக்குப் பேச்சு வந்தது. "ஒண்ணுமில்ல. இந்த வருஷம் எனக்கு அறுபத்தொண்ணு. கண்டம் வர்ற வயசு. அதோட வேல இது. வருஷம் தாண்டிச்சுன்னா சரியாயிடும்."

எங்களில் பதின்மூன்றில் தொடங்கிப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கண்டம் வரும். அந்த வருஷம் உடம்புக்கு எது வந்தாலும் அதன் தலையில்தான் போடுவோம். போட்டிருந்த நல்ல உடுப்பைக் கழற்றி யாருக்காவது கொடுத்துவிட்டு, அடக்க ஒடுக்கமாக இருந்து வருஷத்தைக் கடத்துவோம். அவரும் பிறந்தநாளன்று தன் கம்பளிக் கோட்டைத் தம்பிக்குக் கொடுத்திருந்தார். ஆகவே நானும் அதை நம்பினேன். முழுசாக நம்பினேன் என்று சொல்ல முடியாது.

"யார்கிட்டயும் மூச்சு விடாத," என்றார். "ஒரு மேடு ஏற முடியலேன்னு தெரிஞ்சா எவன் என்கிட்ட குதிரையக் குடுப்பான்?"

சரி என்று தலையாட்டினேன். ஆனால் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தமீராவிடம் போய், எங்கள் வீட்டில் ஒருவருக்கு மேடேறினால் மூச்சு முட்டுகிறது, உதடு நீலமாகிறது என்றேன். அவள் யாரென்று கேட்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நான்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் சுகாதார நிலையத்தின் வாசல்படியில் என்னை ஏறி இறங்கு, ஏறி இறங்கு என்று விட்டாள். கடிகாரத்தைப் பார்த்தபடி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி பிடித்தாள். அவள் புருவம் ஏறியது.

"பெரியம்மா, உங்க நாடி இவ்வளவு சீக்கிரம் அடங்கிடுச்சே. இது உங்க வயசுக்காரங்க மூச்சு இல்ல. நாப்பது வயசுப் பொம்பளையோட மூச்சு."

"அப்ப நான் குண்டு இல்லியா?"

"குண்டுதான்."

"அப்ப வியாதியா?"

"எடை கொறையணும். சர்க்கரைக்கும் முட்டிக்கும் அது நல்லதில்ல. ஆனா நடந்து நடந்து இதயமும் நுரையீரலும் பலமாயிருக்கு. அது எடையவிடப் பெரிய விஷயம்."

"ஒல்லியா இருந்தா நல்லதுதானே?"

"ஒல்லியா இருந்து, உடம்ப அசைக்காம, சிகரெட்டும் பிடிச்சா, தினம் நடக்கற உங்களவிட அவங்களுக்குத்தான் ஆபத்து. வயசாக ஆக மூச்சோட பலம் தானாக் கொறையும். நடக்கறவங்களுக்கு மெதுவாக் கொறையும், உக்காந்தே இருக்கறவங்களுக்கு மளமளன்னு கொறையும்."

"குதிரைமேல உக்காந்தா?"

"அதுல குதிரைக்குத்தான் மூச்சு வாங்கும், பெரியம்மா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குண்டு கெட்டது, ஆனால் நான் தேவலை. ஒல்லி நல்லது, ஆனால் அது ஆபத்து. இந்த மருத்துவத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் ஒரே பேச்சாகப் பேசினால் என்ன? ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சில் தைத்தது. தமீராவிடம் மெதுவாகச் சொன்னேன், மூச்சு முட்டுவது எனக்கில்லை என்று. அவள் முகம் மாறிவிட்டது.

"பெரியப்பாவா? உடனே கூட்டிட்டு வாங்க. இத நாள் கடத்தற விஷயமா நெனைக்காதீங்க. மேல மட்டும் போகவே கூடாது."

வீட்டில் சொன்னேன். அவர் இடுப்புவாரைத் தட்டிக் காட்டினார். "இந்த இடுப்ப வெச்சுகிட்டு நான் டாக்டர்கிட்டப் போகணுமா? ஊர் சிரிக்கும். நீ போய்ச் சொல்லிட்டியா அவகிட்ட?" அதற்கப்புறம் கிளம்புகிற நாள் வரைக்கும் என்னோடு சரியாகப் பேசவில்லை. என் நடையையும் நிறுத்திவிட்டார். நானாகத் தனியாகப் போய் ஏறிவந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஆடறுத்து உறவையெல்லாம் கூப்பிடுவது வழக்கம். எர்மெக் பிஷ்கெக்கிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். முற்றத்தில் விரிப்புப் போட்டுக் கறி பரிமாறினோம். அவர் தம்பியும் வந்திருந்தார். சின்னவர் என்றுதான் நான் சொல்வேன். கறியைவிட வம்புக்குத்தான் அவருக்குப் பசி.

"என்ன அண்ணி, அண்ணன் உங்களப் பந்தயத்துக்குத் தயார் பண்றாராமே. எந்த ஓட்டத்துல விடப்போறாரு?"

"நீங்க வித்துக் குடிச்ச எங்க கடா ஓடின ஓட்டத்துல," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

எர்மெக் கறித்தட்டை நகர்த்திவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தான். "அப்பா, என்ன முடிவு பண்ணீங்க? அம்மா என்கூட வருதா?"

என் வீட்டுக்காரர் எழுந்து போய்ச் சுவரிலிருந்து கயிற்றை எடுத்துவந்தார். அத்தனை பேர் முன்னால் என் இடுப்பைச் சுற்றி அளந்தார். நான் மரமாக நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் முடிச்சைத் தூக்கிக் காட்டினார்.

"எறங்கல. பேசினா பேச்சுதான். இவ கீழ இருக்கட்டும்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவ்வளவு பட்டினி, அவ்வளவு கம்பளி, அவ்வளவு மேடு. முற்றத்துக் கம்பியில் என் பெண்குதிரைகளைக் கட்டியிருந்தோம். மூத்தது என் குரல் கேட்டாலே கனைக்கும். ஆர்ச்சா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மேலே போகலாம், உச்சிவரை ஏறியவள் போகக்கூடாதா?

"கயித்த விடுங்க," என்றேன். "செம்மேட்டுல நானும் நீங்களும் ஏறுவோம். குதிரை இல்லாம, கால்ல. யாரு உச்சிக்குப் போறாங்களோ அவங்க ஜைலோவுக்கு. மத்தவங்க எர்மெக் கார்ல."

முற்றமே சிரித்தது. சின்னவருக்குப் புரையேறிவிட்டது. "அண்ணி, அண்ணன் ஏறி எறங்கி வந்து டீ குடிச்சு முடிக்கறப்ப நீங்க இடுகாட்டுல உக்காந்திருப்பீங்க. பாத்து, அங்கயே தங்கிடாதீங்க."

அவர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. அத்தனை ஆண்கள் முன்னால் மாட்டேன் என்று சொல்லுகிற ஆள் அவர் இல்லை. வேண்டாம், சும்மா சொன்னேன் என்று நான் சொல்வதற்குள் அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஊரே வேலியோரம் வந்து நின்று பார்த்தது. அவர் விறுவிறுவென்று முன்னால் போனார். நான் பின்னால். இடுகாட்டு வளைவில் அவர் நடை தளர்ந்தது. அதைத் தாண்டியதும் அவர் மூச்சு எனக்குக் கேட்டது, கிழிந்த துருத்தி மாதிரி. என் கால்கள் அவரைத் தாண்டிப் போகத் துடித்தன. இதற்குத்தானே இத்தனை நாள் ஏறினாய் என்று மனசு ஒரு பக்கம் பிடித்துத் தள்ளுகிறது. இன்னொரு பக்கம், தாண்டினால் இந்த மனுஷன் வீம்புக்கு ஓடுவார், ஓடினால் செத்துப்போவார் என்கிறது. தாண்டாமல் விட்டாலும் அவர் உச்சிக்கு ஏறுவார், நாளைக்கு ஜைலோவுக்கும் ஏறுவார். எப்படிப் பார்த்தாலும் அவரைத்தான் கொல்லப்போகிறேன். என்ன செய்வதென்று எனக்குப் புரியவில்லை. சட்டென்று பாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னால முடியலங்க," என்று கத்தினேன். "மூச்சு முட்டுது. வந்து பிடிங்க."

கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் நின்றார். திரும்பித் தள்ளாடி இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குதிரைக்கு வைப்பது போல என் விலாவில் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே இருந்தார். என் விலா ஏறி இறங்கியது, சாதாரணமாக, அடுப்படியில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஏறி இறங்குவது போல.

"பொய்," என்றார். ஒரு வார்த்தைதான் வந்தது. கொஞ்சம் பொறுத்து, "சொல்லு அவங்ககிட்ட. எனக்குச் சத்தம் வராது."

"என்னன்னு சொல்ல?"

"முடியலேன்னு. எனக்கு."

அத்தனை தலைகளும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. இந்த மனுஷனை நான் ஆயுசு முழுக்கத் திட்டியிருக்கிறேன். ஊர்க்கோடிவரை கேட்கும்படி திட்டியிருக்கிறேன். ஆனால் இது வசவு இல்லை. இதைச் சொன்னால் நாளை முதல் எவனும் இவரிடம் குதிரையைக் கொண்டுவர மாட்டான். நெஞ்சு நிறைய மூச்சு இருக்கிறது, வார்த்தைதான் வரவில்லை.

"சொல்லு," என்றார். "இல்லேன்னா நான் எழுந்து ஏறிடுவேன்." சொல்லிக்கொண்டே கையை ஊன்றினார்.

எழுந்து நின்று கத்தினேன்.

"எர்மெக், காரை எடுத்துட்டு வா. உங்கப்பாவுக்கு முடியல."

சிரிப்பு நின்றுவிட்டது. சின்னவர்தான் முதலில் ஓடி வந்தார். அண்ணனை முதுகில் சுமந்து இறக்கினார். அவ்வளவு லேசாக இருந்தாராம், அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். தமீரா பார்த்துவிட்டு ஊசி போட்டு, நாரின் பெரியாஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னாள். நாரினில் பார்த்தவர்கள், இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று ஏறக்குறைய அடைத்திருக்கிறது, பிஷ்கெக்கில்தான் திறக்க முடியும் என்றார்களாம். திறந்த பிறகு தினம் சமதரையில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டுமாம். கண்டம் வரும் வருஷத்தைப் பற்றி எர்மெக் கேட்டதற்கு அங்கிருந்த டாக்டர் என்ன சொன்னார் என்று அவன் எனக்குச் சொல்லவில்லை.

கார் எங்கள் ஊரிலிருந்து நாரினுக்குக் கிளம்பியபோது நானும் ஏறத்தான் போனேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எங்க வர்ற? குதிரைங்களுக்குப் பால் கறக்கறது யாரு? நாளைக்கு நேரத்துல கெளம்பு."

"உங்கள இப்படி விட்டுட்டா?"

"பையன் இருக்கான். லிஃப்ட் இருக்கு," என்றார். எனக்கென்று ஒழித்துவைத்த அறை அவருக்குப் போயிற்று.

காலையில் போன் வந்தது. பிஷ்கெக் மருத்துவமனையில் சேர்த்தாயிற்று, தூங்குகிறார், பயமில்லை என்றான் எர்மெக். கூடாரக் கழிகளைக் குதிரைகளில் ஏற்றினோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து ரொட்டி கொடுத்து, நல்லபடியாகப் போய்வரச் சொன்னார்கள். தமீராவும் வந்தாள், மேலே போய்க் கைமாக்கைக் கண்டபடி தின்னக்கூடாது என்றாள். சின்னவர் ஆட்டுக்கூட்டத்தைத் திரட்டி நிறுத்தினார். இந்த வசந்தம் முழுக்க நான் கேட்டது இதைத்தான். கிடைத்துவிட்டது. சந்தோஷமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

எல்லாம் தயாரானதும், புறப்படலாம் என்று வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால்தான் நடை எடுப்பார்கள். எல்லோரும் கடிவாளத்தைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்து நின்றார்கள். யாரும் அசையவில்லை. ஏன் இன்னும் சொல்லவில்லை, வெயில் ஏறுகிறதே, எங்கே போய்த் தொலைந்தார் இந்த மனுஷன் என்று நானும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.